தினமும் கையோடு இருக்க ஒரு இங்க் பேனா: சரியாகத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

இங்க் பேனா வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பிராண்டில் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம் நிறம், அப்புறம் தங்க நிப்பா ஸ்டீல் நிப்பா என்கிற விவாதம். எந்தத் தாளில் எழுதப் போகிறோம், பேனா எந்தப் பையில் இருக்கப் போகிறது, இரண்டு நாள் தொடாமல் விட்டால் மறுபடி எழுதுமா என்பதெல்லாம் வாங்கிய பிறகுதான் நினைவுக்கு வரும். புதியவர்கள் சறுக்குவது இந்த வரிசையில்தான்.

இங்கே வரிசை வேறு. முதலில் உங்கள் வேலை, பிறகு தாள், அதை வைத்து நிப், அதற்கடுத்து மூடி. தினப் பேனா நம்பகமானதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் மூடிதான் தீர்மானிக்கிறது என்பது என் கணிப்பு. எனவே மூன்றாவது படியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். சேகரிப்புக்காகவோ அலங்கார எழுத்துக்காகவோ பேனா தேடுபவர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் தினமும் எழுதும் தாளில் நான்கைந்து. வீட்டில் இருக்கும் உயர்தர நோட்டிலிருந்து கிழித்தது வேண்டாம். பிரிண்டர் தாள், ரெஜிஸ்டர், படிவம் என்று உண்மையில் எதில் எழுதுகிறீர்களோ அது. கடையில் நீட்டும் சோதனைத் தாள் வழவழவென்று இருக்கும். அதில் எல்லாப் பேனாவும் அழகாகத்தான் எழுதும்.

இப்போது பயன்படுத்தும் பேனா. அதன் கோட்டுத் தடிமனோடும் பிடியோடும்தான் புதியதை ஒப்பிடப் போகிறீர்கள்.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறிய லென்ஸ். நகைக்காரர்களும் கடிகாரம் பழுதுபார்ப்பவர்களும் கண்ணில் வைக்கும் வகை. நிப் முனையின் கோளாறு வெறும் கண்ணுக்குத் தெரியாது.

இவற்றோடு கொஞ்சம் டிஷ்யூ தாள். அவ்வளவுதான்.

1. ஒரு வாரம் உங்கள் எழுத்தைக் கவனியுங்கள்

ஒரே மூச்சில் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்களா, இல்லை நாள் முழுக்க இங்கே ஒரு வரி, அங்கே ஒரு கையெழுத்து என்று போகிறதா? உட்கார்ந்து எழுதுபவரா, ஒரு கையில் நோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடி எழுதுபவரா? பேனா சட்டைப்பையில் செங்குத்தாக நிற்குமா, கைப்பைக்குள் உருண்டு கிடக்குமா? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரியாமல் கடைக்குப் போகாதீர்கள். மூடியின் வகை, மை கொள்ளளவு, உடலின் நீளம் மூன்றும் இந்த விடைகளிலிருந்துதான் வரும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கார்பன் வைத்து நகல் எடுக்கும் படிவங்கள் எத்தனை வருகின்றன? இங்க் பேனா அழுத்தம் இல்லாமல் எழுதும் கருவி. கீழே உள்ள தாளில் எழுத்து விழ வேண்டும் என்று அழுத்தினால் நிப்பின் நடுப்பிளவுக்கு இருபுறமும் உள்ள இரண்டு கால்களும் விரிந்துபோகும். பளபளப்பான ரசீதுத் தாளில் மை ஒட்டாமல் வழுக்கும். ஆகவே இங்க் பேனா வாங்கிய கையோடு பால்பாயின்ட்டைத் தூக்கிப் போட வேண்டாம். இரண்டும் ஒரே பையில் இருக்கட்டும்.

2. தாளை வைத்து நிப் அளவை முடிவு செய்யுங்கள்

நிப்புகளில் வழக்கமான அளவுகள் நான்கு: மிக மெல்லிய கோட்டுக்கு இஎஃப், அடுத்து எஃப், நடுத்தரத்துக்கு எம், தடித்ததற்கு பி. நிப் அகலமாக ஆக, தாளில் இறங்கும் மையும் அதிகம். தயாரிக்கும்போது பசைப்பூச்சு குறைவாகச் சேர்த்த தாள் அந்த மையை உறிஞ்சிக்கொள்ளும். மை நார்நாராகப் பரவும், கோட்டின் ஓரம் பிசிறடிக்கும், பின்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அலுவலகங்களில் புழங்கும் 70, 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்பது) பிரிண்டர் தாள்களில் இது அடிக்கடி நடப்பது.

தாளின் கனத்தை மட்டும் நம்ப முடியாது. டோமோஎ ரிவர் என்ற ஜப்பானியத் தாள் 52 ஜிஎஸ்எம்தான், பிடித்தால் விரல் தெரியும் அளவுக்கு மெலிது. அதில் மை துளியும் பரவாது, மேல்பூச்சு அப்படி. தடித்த தாள் சில நேரம் ஸ்பாஞ்சு மாதிரி குடித்துவிடும். எழுதிப் பார்ப்பது ஒன்றே வழி.

அதற்கு ஒரு சோதனை. உங்கள் வழக்கமான எழுத்து அளவில் ண, ன, ஞ, இ, ஐ ஆகிய எழுத்துகளை வேகமாக எழுதுங்கள். மெதுவாக அழகாக எழுதினால் பலன் இல்லை. மூன்று சுழி ‘ண’வின் சுழிகள் அடைபட்டு, இரண்டு சுழி ‘ன’விலிருந்து பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றால் அந்த நிப் உங்கள் கைக்கும் அந்தத் தாளுக்கும் தடிமன். ‘இ’யின் உள்சுழி திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நேர்கோடுகள் மிகுந்த ஆங்கில எழுத்தில் ஒப்பேறிவிடும் நிப், தமிழின் சுழிகளில் மாட்டிக்கொள்ளும். ஆங்கில விமர்சனங்களில் வரும் எழுத்து மாதிரிகளைப் பார்த்து நிப் அளவு முடிவு செய்பவர்கள் ஏமாறுவது இதனால்தான்.

அடுத்து, யார் தயாரித்தது என்பது. பைலட், பிளாட்டினம், செய்லர் போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் நிப்புகள் ஐரோப்பிய நிப்புகளைவிடப் பொதுவாக ஒரு படி மெல்லியவை. ஜப்பானிய எம் கிட்டத்தட்ட ஐரோப்பிய எஃப் அளவுக்கு எழுதும். “எஃப் வாங்கு” என்று யாராவது சொன்னால், எந்தக் கம்பெனியின் எஃப் என்று கேட்டுவிடுங்கள்.

சாதாரண அலுவலகத் தாள், நடுத்தர அளவுக் கையெழுத்து என்றால் ஜப்பானிய எஃப் அல்லது எம், ஐரோப்பியதில் இஎஃப் அல்லது எஃப் என்று தொடங்கலாம். ஜப்பானிய இஎஃப்பை முதல் பேனாவுக்கு நான் சொல்ல மாட்டேன். சொரசொரப்பான தாளில் அது நாரைக் கிள்ளிக்கொண்டு வரும். பால்பாயின்ட் பழக்கத்தில் அழுத்துகிற கைக்கு அது இன்னும் மோசம்.

தங்க நிப்பால் நம்பகம் கூடுவதில்லை. தாளைத் தொடுவது தங்கமும் இல்லை, ஸ்டீலும் இல்லை. இரண்டின் முனையிலும் கடினமான வேறொரு உலோகக் கலவைத் துணுக்குதான் ஒட்டப்பட்டிருக்கும். தினப் பேனாவுக்கு ஸ்டீல் போதும். கீழே விழுந்து நிப் போனாலும் மனம் உடையாது. வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் நிப், தட்டை முனை கொண்ட ஸ்டப் நிப் இரண்டையும் இப்போதைக்கு ஒதுக்குங்கள்.

3. மூடியைச் சோதியுங்கள்

மை என்பது பெரும்பகுதி தண்ணீர். நிப்பைச் சுற்றியுள்ள காற்று வெளியோடு கலந்தால் தண்ணீர் ஆவியாகும், சாயம் மட்டும் ஃபீடின் நுண்ணிய வழிகளில் தங்கிக் கெட்டியாகும். நிப்புக்கு அடியில் ஒட்டியிருக்கிற, வரிவரியாகப் பிளவு உள்ள கறுப்புப் பகுதிதான் ஃபீட். திங்கள்கிழமை காலை எழுதாத பேனா, எழுதினாலும் முதல் இரண்டு வரி கருகருவென்று வரும் பேனா, இவற்றையெல்லாம் ‘நிப் சரியில்லை’ என்று தள்ளிவிடுகிறார்கள். பல நேரம் நிப்பில் ஒரு குறையும் இருக்காது. மூடி காற்றை விட்டுக்கொண்டிருக்கும்.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மூடியைத் தனியாக எடுத்துத் துடைத்துவிட்டு, அதன் வாயை உதட்டில் வைத்து மெல்ல உறிஞ்சுங்கள். காற்று வராமல் உதட்டில் பிடித்தால் மூடி அடைப்பானது. சுலபமாகக் காற்று வந்தால் கிளிப் பொருத்திய இடத்திலோ உச்சியிலோ இடைவெளி இருக்கிறது. புது மூடி என்றால் கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இந்தச் சோதனையில் தோற்ற மூடி எல்லாம் கெட்டது என்றும் சொல்லிவிட முடியாது. குழந்தைகள் விழுங்கினால் மூச்சு போக வேண்டும் என்று சில மூடிகளில் வேண்டுமென்றே துளை விட்டிருப்பார்கள். அப்படிப்பட்டவற்றில் உள்ளே இன்னொரு குட்டி மூடி இருந்து நிப்பை மட்டும் தனியாக அடைக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். பிளாட்டினம் நிறுவனம் ஸ்பிரிங் வைத்த இப்படியொரு உள்மூடியை ‘ஸ்லிப் அண்ட் சீல்’ என்ற பெயரில் செய்கிறது. 2011இல் வந்த 3776 செஞ்சுரியிலும் இருக்கிறது, அவர்களின் மிக எளிய ப்ரெப்பியிலும் இருக்கிறது. பேனா விலை உயர்ந்தால் மூடியும் உயர்ந்ததாக இருக்கும் என்று எண்ண வேண்டாம் என்பதற்கு இதுவே சாட்சி.

மூடும் முறை மூன்று வகை. முதல் படியில் குறித்துவைத்த விடை இங்கேதான் உதவும்.

அழுத்தி மூடுவது: ‘டக்’ என்று திறக்கும், மூடும். அடிக்கடி ஒரு வரி எழுதுபவர்களுக்கு ஏற்றது. ஒரு பழக்கம் மட்டும் தேவை: மூடியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். இறுக்கமான மூடி வேகமாகக் கழலும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி நிப்பிலிருந்து மையை வெளியே இழுத்துவிடும். லேசாகத் திருகியபடி எடுத்தால் போதும். மூடிக்குள் மைத்துளி தெறித்திருக்கிறது, பேனா லீக் ஆகிறது என்று கொண்டுவருபவர்களில் பலர் இந்த வெடுக்குக்காரர்கள்.

திருகி மூடுவது: பைக்குள் தானாகத் திறக்கும் வாய்ப்பு குறைவு, அடைப்பும் பொதுவாக நன்றாக இருக்கும். பக்கம் பக்கமாக எழுதுபவர்களுக்குச் சரி. நின்றபடி குறிப்பெடுப்பவர்களுக்கு இரண்டு கையும் தேவைப்படும் என்பதால் தொல்லை. எத்தனை சுற்றில் திறக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் போனால் நாளடைவில் நீங்கள் மூடாமலே வைக்க ஆரம்பிப்பீர்கள். மரை விளிம்பு விரலில் குத்துகிறதா என்றும் எழுதிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

பட்டனை அமுக்கி நிப்பை வெளியே தள்ளுவது: பைலட் கேப்லெஸ் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே கையால் வேலை முடியும். சட்டைப்பையில் நிப் மேல்நோக்கி நிற்க வேண்டும் என்பதற்காக கிளிப்பை நிப் பக்கமே வைத்திருக்கிறார்கள், அதனால் எழுதும்போது அது விரல்களுக்கு நடுவே வரும். சிலருக்குத் தெரியவே தெரியாது, சிலரால் அரைப் பக்கம் தாண்ட முடியாது. பிடித்துப் பார்க்காமல் இதை வாங்கக் கூடாது.

கிளிப்பையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். உங்கள் சட்டைப்பையின் மடிப்பில் மாட்டிக் குனிந்து பாருங்கள். வழுக்கினால் அந்தப் பேனா பட்டியலில் இல்லை.

4. மை நிரப்பும் முறை

கார்ட்ரிட்ஜ், கன்வெர்ட்டர், பிஸ்டன் என்று மூன்று. கார்ட்ரிட்ஜ் மை அடைத்த குழாய். செருகினால் வேலை முடிந்தது. கன்வெர்ட்டர் அதே இடத்தில் பொருத்தி மைப்புட்டியிலிருந்து உறிஞ்சும் குழாய். பிஸ்டனில் பேனாவின் உடலே மைத்தொட்டி.

வெளியில் அலைகிற வேலை என்றால், கார்ட்ரிட்ஜ், கன்வெர்ட்டர் இரண்டையும் ஏற்கும் பேனாவையே எடுங்கள். மேசையில் புட்டி மை, வெளியே போகும்போது பையில் இரண்டு கார்ட்ரிட்ஜ். சர்வதேசப் பொது அளவு கொண்ட சிறிய கார்ட்ரிட்ஜில் ஏறத்தாழ 0.8 மில்லிலிட்டர் மை இருக்கும். தினம் பல பக்கம் எழுதுபவர்களுக்கு இது குறைவு. அவர்களுக்கு பிஸ்டன் சௌகரியம். ஆனால் பிஸ்டன் பேனாவில் நடுவழியில் மை தீர்ந்தால் புட்டி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது. உள்ளே எவ்வளவு மீதம் என்று தெரிகிற ஜன்னலோ கண்ணாடி போலத் தெரியும் உடலோ இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும் முன் இரண்டு கேள்வி: கன்வெர்ட்டர் பெட்டியிலேயே வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா? கார்ட்ரிட்ஜ் பொது அளவா, அந்தக் கம்பெனிக்கு மட்டுமானதா? பைலட், லாமி, பார்க்கர், பிளாட்டினம், செய்லர் ஆகியவை சொந்த அளவு வைத்திருக்கின்றன. அது குறையில்லை. உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

உடல் முழுக்க மையை நேராக ஊற்றும் வகையைத் தினம் பையில் தூக்கிப்போக வேண்டாம். மை குறையக் குறைய உள்ளே காற்று கூடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ள, எழுதிக்கொண்டிருக்கும்போதே பேனா சொட்டென்று மை கக்கும்.

5. பிடி, எடை, நீளம்

படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத பகுதி இது. விரல் பிடிக்கும் இடத்தின் விட்டம் 9 முதல் 11 மில்லிமீட்டர் வரை இருந்தால் பெரும்பாலான கைக்குப் பொருந்தும். பளபளப்பான உலோகப் பிடி வியர்த்த விரலில் வழுக்கும். வழுக்கினால் இறுக்கிப் பிடிப்பீர்கள், இறுக்கினால் அழுத்துவீர்கள்.

எடையில் மொத்த கிராமைவிட அது எங்கே குவிந்திருக்கிறது என்பது முக்கியம். மூடியைப் பின்னால் செருகி எழுதுபவரா நீங்கள்? சில உலோக மூடிகள் பின்னால் ஏறியதும் பேனாவின் வால் கீழே இழுக்கும், கட்டைவிரல் அடிப்பகுதி சீக்கிரம் வலிக்கும். வழக்கமாக எப்படி எழுதுவீர்களோ அப்படியே வைத்து ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். இரண்டு வரி எழுதினால் எந்த எடையும் சுகமாகத்தான் இருக்கும்.

6. பட்டியலை இரண்டு மூன்றாகச் சுருக்குங்கள்

இதுவரையிலான விடைகளைத் தாளில் எழுதிப் பார்த்தால் பாதிப் பேனாக்கள் தானாக விழுந்துவிடும். மிஞ்சுவதை எப்படிப் பார்ப்பது என்று காட்டச் சில மாடல்கள்:

பைலட் மெட்ரோபாலிட்டன்: பித்தளை உடல், சுமார் 26 கிராம், அழுத்தி மூடும் மூடி. முதல் பேனாவாக நான் அதிகம் சொல்வது இது. பிடியும் உடலும் சேரும் இடத்தில் ஒரு படிக்கட்டு உண்டு. நிப்பிலிருந்து தள்ளிப் பிடிப்பவர்களுக்கு அது உறுத்தலாம்.

லாமி சஃபாரி: 1980இல் வந்தது, இன்றும் விற்பனையில் இருக்கிறது. பிளாஸ்டிக் உடல், சுமார் 17 கிராம், மை தெரியும் ஜன்னல். நிப்பை மட்டும் கழற்றி வேறு அளவு மாட்டலாம். எந்த அளவு என்று இன்னும் உறுதியில்லாதவர்களுக்கு இது பெரிய வசதி. பிடி முக்கோணமாக இருக்கும். உங்கள் விரல்கள் அந்த மூன்று பக்கத்தில் இயல்பாக உட்காரவில்லை என்றால், பழகிவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள். பலருக்குப் பழகுவதில்லை.

பிளாட்டினம் ப்ரெப்பி: நிப் அளவு எது என்று கண்டுபிடிக்கவே இதை முதலில் வாங்கலாம். உடல் மிக எளிமையானது, அடைப்பு மிக நன்று.

கவெக்கோ ஸ்போர்ட்: மூடினால் 10.5 சென்டிமீட்டர்தான். சின்னப் பைக்காரர்களுக்கு ஏற்றது. மூடியைப் பின்னால் செருகினால்தான் முழு நீளம் வரும். சாதாரண கன்வெர்ட்டர் உள்ளே போகாது; சிறிய கார்ட்ரிட்ஜோ அதற்கென்றே செய்த குட்டி கன்வெர்ட்டரோதான்.

டிவிஸ்பி எக்கோ: பிஸ்டன், திருகு மூடி, மை முழுக்க வெளியே தெரியும் உடல். மேசையில் உட்கார்ந்து நிறைய எழுதுபவர்களுக்கு.

நன்றாக விற்கும் மாடல்களுக்குப் போலிகளும் உண்டு. அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரா என்று பாருங்கள். ரப்பர் பை வைத்த பழங்காலப் பேனாக்கள் கண்ணைப் பறிக்கும். அந்த ரப்பர் வயதாகிக் கெட்டிப்பட்டு உடையும். இப்போது வேண்டாம்.

7. நிப்பை நேரில் சோதியுங்கள்

முதலில் மை இல்லாமல். பேனாவின் சொந்தக் கனத்தில் மட்டும் தாள்மீது எட்டு போல வரையுங்கள். காதைக் கிட்டே கொண்டுபோங்கள். லேசான உராய்வுச் சத்தம் இருக்கும், அது சரி. ஒரு திசையில் மட்டும் ‘கிறீச்’ என்று கீறினால் நிப்பின் இரண்டு கால்களும் ஒரே மட்டத்தில் இல்லை.

லென்ஸில் முனையை நேராகப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே உயரத்தில், ஒரே அளவில் இருக்க வேண்டும். நடுப்பிளவு முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே வர வேண்டும். முனையில் அகலமாக வெளிச்சம் தெரிந்தால் அந்த நிப் யாரோ அழுத்தி எழுதிப் பார்த்தது. வேறொன்றைக் கேளுங்கள்.

பிறகு மையில். கடையில் நிப்பைப் புட்டியில் தோய்த்து நீட்டுவார்கள். தோய்த்ததும் ஃபீட் முழுக்க மை ஏறியிருப்பதால் எந்த மோசமான பேனாவும் முதல் சில வரி கொழகொழவென்று ஓடும். நிப் சொரசொரப்பா என்று பார்க்க மட்டுமே அது உதவும்; மை ஓட்டம் எப்படி என்பதற்கு அது சாட்சி ஆகாது. மை ஓட்டத்தைப் பார்க்க, நிரப்பிய பேனாவில் குறைந்தது அரைப் பக்கம் எழுத வேண்டும். கடையில் முடியாவிட்டால் ஒன்பதாம் படி வரை காத்திருங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அதிகம் ஏமாற்றும் நிப் எது தெரியுமா? வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறதே, அதுதான். பாலிஷ் மிகுந்துபோய்ப் பிளவின் ஓரங்கள் உருண்டுவிட்டால் மை தாளைத் தொடாமல் உள்ளேயே நின்றுவிடும். எழுதத் தொடங்கும் முதல் கோடு மட்டும் விழாது, லேசாக அழுத்தினால் வரும். இருபது முறை தாளிலிருந்து தூக்கித் தூக்கிக் குட்டிக் கோடுகள் போடுங்கள். அதில் சில விடுபட்டால் இந்தக் கோளாறு என்று அறிக.

8. முதல் மை

முதல் மை, வழக்கமான நீலமோ கறுப்போ, சாயம் கரைத்த சாதாரண மையாக இருக்கட்டும். பெலிக்கன் 4001 ராயல் புளூ, வாட்டர்மேன் செரினிட்டி புளூ போன்றவை. கழுவச் சுலபம், பேனாவுக்குக் கெடுதல் இல்லை. பேனாவில் கோளாறு தெரிந்தால் அது பேனாவின் கோளாறுதான் என்று நிச்சயமாகச் சொல்லவும் முடியும்.

இந்த மைகளில் தண்ணீர் பட்டால் எழுத்து கலைந்துவிடும். ஆவணங்களில் எழுதுபவர்களுக்கு பிளாட்டினம் கார்பன் பிளாக், செய்லர் கிவாகுரோ போன்ற நிறமி மைகள் (நிறம் கரையாமல் நுண்துகளாக இருக்கும் மைகள்) உண்டு. காய்ந்ததும் நீரில் கரையாது. பேனாவுக்குள் காய்ந்தாலும் அதே கதைதான். ஆகவே மூடியின் அடைப்பு உறுதியாகத் தெரிந்த பிறகே அவற்றை ஊற்றுங்கள். மினுமினுப்புத் துகள் கலந்த மை வேலைப் பேனாவுக்கு ஆகாது. ஓவியர்கள் பயன்படுத்தும் இந்தியன் இங்க்கை எந்த இங்க் பேனாவிலும் ஊற்றக் கூடாது. அதிலுள்ள பிசின் ஃபீடை அடைத்துவிடும்.

இடக்கைக்காரர்கள் மை உலரும் வேகத்தைப் பார்த்தாக வேண்டும். உங்கள் தாளில் வரிசையாகக் கோடு போட்டு 5, 10, 15, 20 விநாடிகளில் ஒவ்வொன்றையும் விரலால் தேயுங்கள். எந்த விநாடியில் இழுப்பு நிற்கிறதோ அதுதான் அந்தத் தாளில், அந்த நிப்பில், அந்த மை உலரும் நேரம்.

9. நிரப்பும் முன் கழுவுங்கள், பிறகு இரண்டு வாரம் வேலை வாங்குங்கள்

புதுப் பேனாவில் தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்கு இருக்கலாம். அது மையை ஃபீடில் ஓடவிடாது. சாதாரணத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, கன்வெர்ட்டரால் சில தடவை உறிஞ்சி வெளியே விடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் அதேபோல். வெந்நீரும் ஸ்பிரிட்டும் பிளாஸ்டிக் பாகங்களைக் கெடுக்கும். நிப் முனையை டிஷ்யூவில் வைத்து ஈரத்தை இழுத்துவிட்டு மை நிரப்புங்கள்.

கன்வெர்ட்டரில் நிரப்பும்போது நிப் முழுக்க, பிடியின் விளிம்பு வரை மையில் மூழ்க வேண்டும். பாதி மூழ்கினால் காற்றைத்தான் உறிஞ்சும். நிரம்பியதும் இரண்டு மூன்று சொட்டு திரும்பப் புட்டிக்குள் விட்டு, நிப்பை மேலே தூக்கி மறுபடி ஒரு திருகு திருகுங்கள். ஃபீடில் தேங்கிய உபரி மை உள்ளே போய்விடும். இல்லாவிட்டால் முதல் பக்கத்திலேயே சொட்டும். கார்ட்ரிட்ஜ் என்றால் செருகிவிட்டு நிப் கீழ்நோக்கி இருக்கும்படி சில நிமிடம் நிறுத்திவையுங்கள். மை இறங்க நேரம் வேண்டும். உதறாதீர்கள், சுவர் பாழாவதுதான் மிச்சம்.

முதல் நாள் மேசையை விட்டு வெளியே கொண்டுபோக வேண்டாம். ஓரிரண்டு பக்கம் எழுதுங்கள். இரவு மூடிப் படுக்கவைத்து, காலையில் முதல் கோடு விழுகிறதா என்று பாருங்கள். மூடாமல் ஒரு நிமிடம், மூன்று நிமிடம், ஐந்து நிமிடம் விட்டும் எழுதிப் பாருங்கள். கூட்டத்தில் யாராவது பேசி முடிக்கும்வரை பேனா திறந்தபடி கையில் இருக்குமே, அந்த இடைவெளியை உங்கள் பேனா தாங்குமா என்பது இதில் தெரியும்.

பிறகு இரண்டு நாள் தொடாமல் நிப் மேல்நோக்கி நிற்க வையுங்கள். மை கீழே இறங்கியிருப்பதால் ஒரு கோடு தாமதமானால் மன்னிக்கலாம். ஐந்தாறு கோடு கிறுக்கியும் வரவில்லை என்றால் மன்னிக்க வேண்டாம்.

அதன் பிறகே பை. நாள் முழுக்கச் சுமந்துவிட்டு மாலையில் மூடியின் உட்புறத்தை டிஷ்யூவால் துடைத்துப் பாருங்கள். ஓரிரு புள்ளி மை இயல்பு. டிஷ்யூ நனைந்தால் உங்கள் நடைக்கும் அந்தப் பேனாவுக்கும் ஒத்துவரவில்லை.

பலரும் விட்டுவிடும் சோதனை கடைசிச் சொட்டு வரை எழுதுவது. நிரம்பியிருக்கும்போது நன்றாக எழுதி, கால்வாசி ஆனதும் திணறும் பேனாக்கள் உண்டு. மை கன்வெர்ட்டரின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு கீழே வராததே பெரும்பாலும் காரணம். விரலால் லேசாகத் தட்டினால் இறங்கும். உள்ளே சிறு குண்டோ சுருளோ வைத்த கன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை குறைவு.

10. கோளாறு வந்தால் எதை முதலில் பார்ப்பது

எழுத்து விட்டுவிட்டு வருகிறது: முதலில் கழுவுங்கள். அடுத்து தாளை மாற்றுங்கள், ஏனென்றால் கை படும் இடத்தில் தாளில் எண்ணெய்ப் பசை ஏறி மை ஒட்டாமல் போகும். பக்கத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் விடுபட்டால் அநேகமாக இதுதான். அடுத்து மையை மாற்றுங்கள். நிப்பைத் தொடுவது கடைசி.

கீறுகிறது: பேனாவைச் சற்றே திருப்பிப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நிப்பின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும், பிளவின் இரண்டு பக்கமும் தாளைச் சமமாகத் தொட வேண்டும். அப்படிப் பிடித்தும் கீறினால் லென்ஸ். உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யும் வித்தையை முதல் பேனாவில் பழக வேண்டாம். தேய்ந்த முனை திரும்ப வராது. கடைக்கே எடுத்துப் போங்கள்.

விமானத்தில் கக்குகிறது: மேலே போகப் போக அறையின் அழுத்தம் குறைந்து, பேனாவுக்குள் இருக்கும் காற்று விரியும். ஏறும் முன் மையை முழுக்க நிரப்புங்கள், அல்லது முழுக்கக் காலி செய்யுங்கள். பாதி மையோடு போவதுதான் ஆபத்து. நிப் மேல்நோக்கி இருக்கட்டும், ஏறும்போதும் இறங்கும்போதும் திறக்காதீர்கள்.

கழுவுவது ஒன்று முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மை மாற்றும்போதெல்லாம் கட்டாயம். நிறமி மை ஊற்றுகிறவர்கள் இந்த இடைவெளியைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். சில வாரம் எழுதப் போவதில்லை என்று தெரிந்தால் மையை வெளியே விட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, மூடாமல் ஒரு நாள் காயவைத்து எடுத்துவையுங்கள்.